சொந்த ஊரா, இணையச் சுற்றமா? ஒருவரின் அடையாளம் உருவாகும் விதம்

செம்மங்குடி, அரியக்குடி, காருகுறிச்சி, திருவாவடுதுறை. கர்நாடக இசை கேட்பவர்களின் காதில் இவை ஊர்களாக விழுவதில்லை, ஆட்களாகவே விழும். 'செம்மங்குடி பாடினார்' என்றால் போதும். சீனிவாச ஐயர் என்று முடிக்க வேண்டியதில்லை. பெயருக்கு முன்னால் நின்ற ஊர் பல நேரம் பெயரையே விழுங்கிவிட்டது. இன்றும் ரயிலில் எதிரே அமர்ந்திருப்பவர் 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்டால், அவர் நாடுவது புவியியல் தகவலை மட்டும் என்று நாம் நினைப்பதில்லை. சாதி, உறவு, பேச்சு வழக்கு, குலதெய்வம் எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் அறிந்துகொள்ளப் பார்க்கிறார்.

அதே நேரத்தில், சதுரங்கத்திலோ நிரல் எழுதுவதிலோ பறவை நோக்குவதிலோ ஊறிப்போன ஒருவரை, உலகெங்கும் உள்ள அதே ஆர்வக்காரர்கள் அவர் தாமே வைத்துக்கொண்ட புனைபெயரால் அறிகிறார்கள். அங்கே ஊர் எது என்று யாரும் கேட்பதில்லை. இதைப் பார்த்துச் சிலர், 'ஊரெல்லாம் முடிந்த கதை, இனி இணையம்தான் மனிதரை வார்க்கும்' என்கிறார்கள். வேறு சிலர், 'திரையில் தெரிவதெல்லாம் வேஷம், வேர் ஊரில்தான்' என்கிறார்கள். இரண்டும் அரைவேக்காட்டுப் பேச்சு. சில நிலைமைகளில் இணையத் தொடர்பு சொந்த ஊரைவிட ஆழமாக ஒருவரை வடிக்கிறது என்பது உண்மை. எந்த நிலைமைகளில், எந்த வழியில் என்று புரிந்துகொண்டால் மற்றவை தெளிவாகிவிடும்.

## அடையாளம் என்று எதைச் சொல்கிறோம்?

ஆதார் அட்டையில் இருப்பது அடையாளச் சான்று. இங்கே பேசும் அடையாளம் வேறு. 'நான் எப்படிப்பட்டவள், யாரைச் சேர்ந்தவள்' என்ற கேள்விக்கு ஒருவர் மனத்துக்குள் வைத்திருக்கும் விடை அது. அதில் ஒரு பகுதி அவருக்கே உரியது: பொறுமைசாலி, சிரிப்பு மூட்டுபவர், முன்கோபி. இன்னொரு பகுதியில் 'நான்' என்பதற்குள் 'நாங்கள்' கலந்திருக்கும்: நாங்கள் மதுரைக்காரர்கள், நாங்கள் செவிலியர்கள், நாங்கள் இந்த அணியின் ரசிகர்கள். இந்த இரண்டாம் பகுதியைச் சமூக உளவியலில் சமூக அடையாளம் என்பார்கள். ஊரா இணையமா என்ற வாதம் பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்.

## ஊர் என்ற பலசரக்குக் கடை

கிராமத்துப் பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி, சோப்பு, ஆணி, விளக்கெண்ணெய் எல்லாம் அங்கே உண்டு. பெரும்பாலோருக்கு எது வேண்டுமோ அதைத்தான் கடைக்காரர் வாங்கி வைப்பார். நீங்கள் யாருடைய பேரன் என்பது அவருக்குத் தெரியும், கடனும் கொடுப்பார். ஆனால் பழைய வானொலிப் பெட்டிக்கு ஒரு வால்வு வேண்டும் என்று போய் நின்றால், 'சென்னையில் ரிச்சி தெருவில் போய்க் கேள்' என்று அனுப்பிவிடுவார்.

ஊரும் அடையாளத்தை இப்படித்தான் தந்தது. மொழி, உறவு, தெய்வம், தொழில், நண்பர்கள் எல்லாம் ஒரே மூட்டையாக வந்தன. நண்பர் என்பவர் பெரும்பாலும் நமக்கு வாய்த்தவர்: ஒரே தெருவில் ஒரே வயதில் பிறந்தவர். பலருக்கு இது போதுமானதாகவே இருந்தது. தேவை அரிதாக இருந்தவர்களுக்குத்தான் சிக்கல். அரிய நோய் உள்ளவர், ஊர் ஒப்பாத காதல் கொண்டவர், ஊரில் எவரும் கேள்விப்படாத கலையில் பித்துக்கொண்டவர் ஆகியோருக்கு அந்தக் கடையில் சரக்கே இல்லை.

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த அந்த ரிச்சி தெரு போன்றதுதான் இணையம். ஒரு கடையில் ஒரே பொருள்தான். ஆனால் அங்கே நிற்கும் எல்லோரும் அதற்காகவே வந்தவர்கள். அந்தக் கடைக்காரருக்கு நீங்கள் யாருடைய பேரன் என்று தெரியாது. அதில் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு: பழைய கணக்கைக் கிளறமாட்டார், கடனும் தரமாட்டார்.

## மண் இல்லாமல் 'நாங்கள்' முளைக்குமா?

'சேர்ந்து வளர்ந்தால்தானே ஒட்டுதல் வரும், முகமே பார்க்காத கூட்டத்தில் எப்படி?' என்பது நியாயமான சந்தேகம். இதற்கு விடை இணையம் வருவதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

ஹென்றி தாஜ்ஃபெல் 1919-இல் போலந்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படிக்கப் பிரான்சுக்குப் போனவர், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். யூதர் என்பதை அவர் மறைக்கவில்லை. போலந்துக்காரர் என்பதை மறைத்தார். அது தெரிந்திருந்தால் உயிர் தப்புவது அரிது. போர் முடிந்தபோது அவர் குடும்பத்தில் ஏறக்குறைய எவருமே மிஞ்சவில்லை. எந்தப் பட்டியலில் ஒருவரை வைக்கிறார்கள் என்பது உயிரையே தீர்மானிக்கும் என்று பட்டறிந்த இந்த மனிதர், பின்னாளில் பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியலாளராக அமர்ந்து கேட்ட கேள்வி இது: குழு உணர்வு பிறக்கக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்?

1970-ஐ ஒட்டி அவர் நடத்திய சோதனைகளில் பங்கேற்றவர்கள் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்கள். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று ஊகிக்கச் சொன்னார்கள். 'நீ கூட்டி மதிப்பிடும் குழு, நீ குறைத்து மதிப்பிடும் குழு' என்று பிரித்தார்கள். உண்மையில் அந்தப் பிரிவினை குருட்டாம்போக்கில் செய்யப்பட்டது. பிறகு ஒவ்வொருவரும் தனியே அமர்ந்து மற்றவர்களுக்குச் சிறு தொகைகளைப் பங்கிட வேண்டும். பெறுபவரின் பெயர் தெரியாது. ஒரு எண்ணும் அவர் எந்தக் குழு என்பதும் மட்டுமே தெரியும். தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ள முடியாது. அப்படியிருந்தும் மாணவர்கள் தம் குழுவுக்குச் சாய்ந்து பங்கிட்டார்கள். மற்றக் குழுவைவிட மேலே நிற்க வேண்டும் என்பதற்காக, தம் குழுவுக்கு வரக்கூடிய தொகையையே குறைத்துக்கொண்ட தேர்வுகளும் இருந்தன.

புள்ளிகளை எண்ணுவதில் பிறந்த உறவு! அதற்கு மண், இரத்தம், வரலாறு எதுவும் தேவைப்படவில்லை. இதை வைத்துப் பார்த்தால், ஐந்தாண்டுகள் இரவுதோறும் ஒரே விளையாட்டில் தோளோடு தோள் நின்றவர்களுக்கு 'நாங்கள்' என்ற உணர்வு வருவதில் வியப்பு எதுவும் இல்லை.

இதுவரை சொன்னது: அடையாளத்தில் 'நாங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. ஊர் அதை மூட்டையாகத் தந்தது. ஆனால் அந்த உணர்வு பிறக்க ஊர் கட்டாயமில்லை.

## யாருடைய கண்ணுக்காக வாழ்கிறோம்?

குழு உணர்வு பிறப்பது ஒன்று; அது ஒருவரை மாற்றுவது இன்னொன்று. மாற்றம் நடக்கும் வழியை அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902-இல் விளக்கினார். பிறர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று கற்பனை செய்கிறேன். அவர்கள் அதை எப்படி எடைபோடுவார்கள் என்று ஊகிக்கிறேன். அதன்படி பெருமையோ கூச்சமோ அடைகிறேன். இப்படிப் பிறரைக் கண்ணாடியாக்கித் தன்னைக் காண்பதால் இதற்குக் கண்ணாடிச் சுயம் என்று பெயர்.

எல்லாக் கண்ணாடிகளையும் நாம் ஒன்றுபோல மதிப்பதில்லை. யாருடைய அளவுகோலால் நம்மை நாமே அளந்துகொள்கிறோமோ அவர்களை ஒப்பீட்டுக் குழு என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று நம் வீடுகளில் சொல்லும்போது அந்த நாலு பேர்தான் ஒப்பீட்டுக் குழு. ஊர் இவ்வளவு காலம் வலிமையாக இருந்ததற்குக் காரணம், அந்த நாலு பேரும் ஊருக்குள்ளேயே இருந்தார்கள் என்பதுதான். இன்று அவர்களில் இரண்டு பேர் திரைக்குள் இருக்கலாம். சிலருக்கு நாலு பேருமே அங்கே இருக்கிறார்கள். கணினியில் ஓவியம் வரையும் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து அத்தை 'அழகாக இருக்கிறதம்மா' என்கிறார். பிரேசிலில் இருக்கும் முகம் தெரியாத ஓவியர் 'நிழல் தவறான பக்கம் விழுகிறது' என்கிறார். இரவில் அவள் தூக்கத்தைக் கெடுப்பது எந்த வாக்கியம் என்று பார்த்தால், அவளுடைய ஒப்பீட்டுக் குழு எது என்று தெரிந்துவிடும்.

பிறர் நம்மைப் பற்றிச் சொல்வது மட்டுமல்ல, பிறர் பார்க்க நாமே சொல்வதும் ஆளை மாற்றுகிறது. ஏமி கொன்சாலஸ், ஜெஃப்ரி ஹான்காக் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட சோதனை இது. பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரைக் கலகலப்பான ஆளாகவும், மற்றவர்களை ஒதுங்கிய ஆளாகவும் தம்மைக் காட்டிக்கொண்டு எழுதச் சொன்னார்கள். சிலர் எழுதியது யாரும் படிக்கும் வலைப்பதிவுக்கு. சிலர் எழுதியது தனிக் கோப்பில். பிறகு 'உண்மையில் நீங்கள் எப்படிப்பட்டவர்' என்று கேட்டபோது, பொதுவில் எழுதியவர்கள் தாம் காட்டிய பக்கமாகவே நகர்ந்திருந்தார்கள். தனிக் கோப்பில் எழுதியவர்களிடம் அந்த நகர்வு இல்லை. பார்வையாளர் முன் சொன்ன சொல் சொன்னவரையே வந்து பிடித்துக்கொள்கிறது. 2009-இல் ஃபேஸ்புக் விருப்பக் குறியைக் கொண்டுவந்த பிறகு, அந்தப் பார்வையாளரின் தலையசைப்பு எண்ணிக்கையாகவே கண்முன் தெரியத் தொடங்கியது. ஊரின் தீர்ப்பு வருவதற்கு ஒரு திருவிழாவோ கல்யாணமோ ஆக வேண்டும். திரையின் தீர்ப்பு பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது.

## ஊரில் தன்னைப் போல் ஒருவரும் இல்லாதபோது

இனம் இனத்தோடு சேரும் என்பது பழமொழி. தம்மைப் போன்றவரோடு மனிதர்கள் அதிகம் பழகும் இந்தப் போக்குக்குச் சமூகவியலில் ஒத்தோர் ஈர்ப்பு என்று பெயர். ஊருக்குள் இந்த ஈர்ப்புக்கு எல்லை உண்டு: இருக்கும் ஆட்களுக்குள்தான் தேட முடியும். தேடுபொறி அந்த எல்லையை எடுத்துவிட்டது.

இதன் விளைவைத் தொடக்கத்திலேயே அளந்தவர்கள் கேட்லின் மெக்கென்னா, ஜான் பார்க் என்ற உளவியலாளர்கள். வலைத்தளங்கள் பெருகுவதற்கு முன்பே இருந்த யூஸ்நெட் என்ற கணினி உரையாடல் குழுக்களை ஆராய்ந்து 1998-இல் எழுதினார்கள். வெளியே தெரியாத, ஆனால் தெரிந்தால் ஊர் ஒதுக்கக்கூடிய அடையாளம் கொண்டவர்களை, உதாரணமாகத் தன்பாலின ஈர்ப்பாளர்களை, அவர்கள் கவனித்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் குழு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அங்கே ஈடுபாட்டோடு பங்கேற்றவர்களிடம் தம்மை ஏற்றுக்கொள்ளும் மனம் கூடியது. அதுவரை மறைத்ததைக் குடும்பத்தாரிடம் சொல்லும் துணிவும் பலருக்கு வந்தது. திரைக்குள் நடந்த மாற்றம் திரைக்குள்ளேயே நிற்காமல் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

ஆக, 'ஊரைவிட இணையம் அதிகம் வடிக்கிறதா' என்பதற்குப் பொதுவான ஒரே விடை இல்லை. ஊரில் தன்னைப் போன்றவர் நிறையப் பேர் இருக்கும் ஒருவருக்கு இணையம் ஒரு கூடுதல் வசதி. ஒருவருமே இல்லாதவருக்கு அதுதான் ஊர்.

## மாட்ஸ் ஸ்டீன் என்ற இபெலின்

நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் 1989-இல் பிறந்தார். டூஷென் தசைச்சிதைவு என்ற மரபணு நோய். தசைகள் படிப்படியாக வலுவிழந்துகொண்டே போகும். சிறுவயதிலேயே சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். ஒத்த வயதுப் பிள்ளைகள் ஓடியாடிக்கொண்டிருந்தபோது அவர் கணினியின் முன் அமர்ந்தார். 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில் பல்லாயிரம் மணி நேரம் கழித்தார். 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார்.

பெற்றோரின் துக்கம் இரட்டிப்பாக இருந்தது. மகன் நண்பர்கள் இல்லாமல், யாருக்கும் எதுவாகவும் இல்லாமல் போய்விட்டான் என்று அவர்கள் நினைத்தார்கள். மாட்ஸ் எழுதிவந்த வலைப்பதிவின் கடவுச்சொல் தந்தையிடம் இருந்தது. மரணச் செய்தியை அதில் பதிந்தார். மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. ஒன்றல்ல இரண்டல்ல, பல நாடுகளிலிருந்து, பக்கம் பக்கமாக. அவர்கள் எழுதியது மாட்ஸைப் பற்றி அல்ல, இபெலினைப் பற்றி. விளையாட்டில் மாட்ஸின் பாத்திரம் அது. மனம் உடைந்தவர்களோடு இரவெல்லாம் பேசியவன், குடும்பச் சிக்கலில் இருந்தவர்களுக்கு யோசனை சொன்னவன் என்று எழுதினார்கள். அவர் சேர்ந்திருந்த விளையாட்டுக் குழுவின் பெயர் ஸ்டார்லைட். அதன் உறுப்பினர்களில் சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்காக மற்றவர்கள் பணம் திரட்டினார்கள்.

இந்தச் செய்தியைப் பலரும் நெகிழ்ச்சிக் கதையாகப் பகிர்ந்துவிட்டு நகர்ந்தார்கள். நம் விளக்கத்துக்கு முக்கியமான இடங்கள் வேறு. முதலாவது, ஊரும் பள்ளியும் மாட்ஸைப் பார்த்தபோது முதலில் கண்டது நாற்காலியை. இபெலினைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது அவன் பேச்சை. இரண்டு கண்ணாடிகள் இரண்டு ஆட்களைக் காட்டின. இரண்டாவது, அவர் தம் நோயை அந்த நண்பர்களிடம் நீண்ட காலம் சொல்லவில்லை. விளையாட்டில் தம் ஊனம் ஒரு பொருட்டே இல்லை என்று பிற்பாடு தம் வலைப்பதிவில் எழுதினார். அதாவது, நம்பிக்கை உள்ளவராக, பிறருக்குத் தோள் கொடுப்பவராக அங்கே ஆன பிறகுதான் நோயைப் பற்றிப் பேச முடிந்தது. மூன்றாவதை யாரும் அதிகம் சொல்வதில்லை: அவர் அடையாளத்தை அந்தக் குழு வடித்த அத்தனை ஆண்டுகளும், அவரைத் தூக்கி உட்காரவைத்து, உணவு கொடுத்துப் பார்த்துக்கொண்டவர்கள் பெற்றோரும் வீட்டுக்கு வந்துபோன பராமரிப்பாளர்களும்தான். உடலுக்கு ஊர் வேண்டியிருந்தது.

## அப்படியானால் திரையில் இருப்பது வேஷம் இல்லையா?

வேஷம் என்றால் எல்லா இடத்திலும் வேஷம்தான். மனிதர்கள் பார்வையாளருக்கு ஏற்பத் தம்மை அரங்கேற்றிக்கொள்கிறார்கள் என்ற புகழ்பெற்ற கருத்தைச் சொன்ன எர்விங் காஃப்மன், அதைப் பெருநகரத்தில் கண்டெடுக்கவில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில், எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிறு சமூகத்தில் தங்கி ஆராய்ந்தபோது கண்டார். அங்கிருந்த விடுதியின் சமையலறையில் ஒரு முகமும் சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொரு முகமும் காட்டிய ஊழியர்கள் அவர் எழுத்தில் வருகிறார்கள். முகமூடி இணையத்தின் கண்டுபிடிப்பு அல்ல.

2010-இல் அமெரிக்க, ஜெர்மானியப் பயனர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒருவரின் சமூக வலைத்தளப் பக்கத்தை மட்டும் பார்த்து அந்நியர்கள் ஊகித்த குணம், அவர் ஆசைப்பட்ட உருவத்தைவிட அவரது உண்மைக் குணத்துக்கே நெருக்கமாக இருந்தது. பொய்க் கணக்குகளும் மோசடிகளும் நிறைய உண்டு, மறுக்க முடியாது. ஆனால் நண்பர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் பொய்யாக நடித்துக்கொண்டே இருப்பது பெரிய உழைப்பு.

## ஊர் எங்கும் போகவில்லை

இணைய நண்பர்கள் என்றால் கடல் கடந்தவர்கள் என்று கற்பனை ஓடுகிறது. ஃபேஸ்புக் நட்புகளை வைத்து 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, சராசரிப் பயனரின் நண்பர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 100 மைல் சுற்றளவுக்குள்தான் இருந்தார்கள் என்று காட்டியது. 1990-களின் இறுதியில் டொராண்டோ புறநகர் ஒன்றை, நெட்வில் என்று புனைபெயர் இட்டு, கீத் ஹாம்ப்டனும் பாரி வெல்மனும் ஆராய்ந்தார்கள். அதிவேக இணைய வசதி பெற்றிருந்த வீட்டார், பெறாதவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அண்டை வீட்டாரைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். இணையம் அங்கே ஊரையே இறுக்கியது.

தமிழர் அனுபவம் இதில் இன்னும் சிக்கலானது. 1983-க்குப் பிறகு சிதறிய ஈழத் தமிழர்களுக்கு, டொராண்டோவிலும் லண்டனிலும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் உண்டு. யாழ்ப்பாணத்தைக் கண்ணால் காணாத பிள்ளை, நல்லூர்த் தேரை நேரலையில் பார்த்து 'எங்கள் கோயில்' என்கிறது. இங்கே ஊரே ஓர் இணையத் தொடர்பாகிவிட்டது. மறுபக்கம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஊர் கேட்காத ஒரு 'நாங்களை' உருவாக்கின. பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டத்தை ஒருங்கிணைத்தவர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம். தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்கக் காலத் தூணாக நின்ற இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர்; அந்தப் பணியைச் செய்தது வளைகுடாவில் இருந்து.

'இணையம் வந்தால் சாதிக்கட்டு தளரும்' என்று எழுதியவர்களும் உண்டு. தளரவில்லை என்று சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. எந்தக் கைப்பேசியிலும் உள்ள வாட்ஸ்அப் குழுப் பட்டியல் போதும். ஒத்தோர் ஈர்ப்புக்கு நல்லது கெட்டது தெரியாது. தனித்து நின்ற பையனுக்குத் தோழரைத் தேடித்தரும் அதே விசை, அடுத்த மாவட்டத்துச் சாதிக்காரரையும் தேடித்தருகிறது.

சுருக்கம்: இணையம் ஊரை அழிக்கவில்லை. உங்கள் 'நாலு பேர்' யார் என்பதை மாற்றி அமைக்கும் கருவி அது. அந்த நாலு பேர் ஊர்க்காரர்களாகவும் இருக்கலாம்.

## எல்லா நாலு பேரும் ஒரே அறையில்

ஊரில் தாத்தா முன் ஒரு பேச்சு, நண்பன் முன் ஒரு பேச்சு என்று பிரித்து வாழ இடம் இருந்தது. ஒரே பதிவை மாமா, மேலாளர், முன்னாள் காதலி எல்லோரும் படிக்கும் நிலையைச் சூழல் குலைவு என்கிறார்கள். 'உறவினர்களுக்கு மட்டும் மறை' என்ற வாட்ஸ்அப் நிலைத்தகவல் ஏற்பாடு நம் இளைஞர்கள் இதற்குக் கண்ட மருந்து. எந்தக் கூட்டத்துக்கு எந்தப் பதிவை மறைக்கிறோம் என்பதைக் கவனித்தாலே, எந்த அடையாளத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்பது விளங்கும்.

## ஊர் போனால் நிலம் மிஞ்சும்

இணையச் சுற்றத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, அது மனிதர்களால் வருவதல்ல. சுற்றம் கூடும் இடம் ஒரு நிறுவனத்தின் சொத்து. இந்தியாவில் ஒரு தலைமுறையின் முதல் சமூக வலைத்தளமாக இருந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதில் கூடிய குழுக்கள் கலைந்தன. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. ஊரில் யாரும் மதிக்காத சிறு கிராமத்துக் கலைஞர்கள் பலர், அந்தச் செயலியில்தான் நடிகராகவும் ஆடற்கலைஞராகவும் தம்மை முதன்முதலில் உணர்ந்திருந்தார்கள். வேறு செயலிகளுக்கு அவர்கள் போக முடிந்தது, திறமையையும் கொண்டுபோக முடிந்தது. லட்சக்கணக்கில் சேர்ந்திருந்த பார்வையாளர்களை அப்படியே கொண்டுபோக வழியில்லை. புதிய கணக்கில் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கியது.